விசாவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று: அல்ப்ஸ் போகும் குழுவுக்குக் காப்புறுதி

அல்ப்ஸில் மலையேறப் போகிறோம் என்று வெள்ளவத்தையில் நாலு பேர் கூடினால் முதல் பேச்சே சப்பாத்தைப் பற்றித்தான். சப்பாத்து பிறகு. முதலில் எந்தச் சிகரம் என்று முடிவெடுங்கள். எந்தத் தூதரகம், எத்தனை வழிகாட்டிகள், என்ன காப்புறுதி எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

எல்லோரும் அல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மொன்ட் பிளாங் என்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அதன் வழக்கமான பாதையான ‘கூட்டே’யில் கல் உருளும் சரிவொன்றைக் கடக்க வேண்டும். ஒரு வழிகாட்டி இரண்டு பேரைத்தான் கூட்டிப்போவார். ஆறு பேருக்கு மூன்று வழிகாட்டிகள், காசைக் கணக்குப் பாருங்கள். என் தெரிவு இத்தாலியின் கிரான் பரடிசோ, 4,061 மீற்றர். பாதையில் பெரும்பகுதி பனியாறு, உச்சியில் கொஞ்சம் பாறை. ஒரே கயிற்றில் கூடுதல் பேர் போகலாம். முதல் நாள் தங்கும் விட்டோரியோ எமானுவேலே மலைவிடுதியே 2,700 மீற்றருக்கு மேல். நமது பிதுருதலாகல 2,524 தான்! சிவனொளிபாத மலையும் கிரிகல்பொத்தவும் காலைப் பழக்கும், உயரத்துக்கு உடம்பைப் பழக்காது. அதனால் சிகரத்துக்கு முன் இரண்டு மூன்று நாள் அங்கேயே சின்ன ஏற்றங்களுக்கு ஒதுக்குங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி, பிரான்ஸ், சுவிஸ் மூன்றுக்கும் ஒரே விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூலை, ஓகஸ்ட் நெரிசலில் கடைசிக் கிழமை வரை இழுக்க வேண்டாம். விசா கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்புமா என்று வழிகாட்டியிடமும் விடுதியிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிக் காப்புறுதி. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேட்பார்கள். கொழும்பில் அந்தப் பத்திரம் சுலபமாகக் கிடைக்கும், தூதரகமும் ஏற்கும். ஆனால் அதன் விலக்குகள் பக்கத்தை, அதாவது எதற்கெல்லாம் காப்பு இல்லை என்ற பட்டியலை, திருப்பிப் பாருங்கள். 'கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றம்' என்று ஒரு வரி இருக்கும், அல்லது ஓர் உயர எல்லை இருக்கும். முகவர் போனில் “ட்ரெக்கிங் எல்லாம் கவராகும் அண்ணா” என்பார். ட்ரெக்கிங் கவராகும்தான், நீங்கள் போவது ட்ரெக்கிங் இல்லையே. மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்:

“கயிறு, கிராம்பன் (சப்பாத்தில் மாட்டும் இரும்பு முட்கள்), பனிக்கோடரி பாவித்து, தகைமை பெற்ற வழிகாட்டியோடு, பனியாற்றில் 4,061 மீற்றர் வரை ஏறுவோம். விபத்து நடந்தால் தேடுதல், ஹெலிகொப்டர் மீட்பு, ஆஸ்பத்திரிச் செலவு, கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் செலவு நான்கும் கிடைக்குமா?”

பதில் மழுப்பலாக வந்தால் இல்லை என்றே எடுங்கள். அப்போது விசாவுக்கு இங்கே ஒன்று, மலைக்குத் தனியாக ஒன்று. ஒஸ்ரிய அல்பைன் கழக உறுப்புரிமையோடு மீட்புக் காப்பும் வரும். இலங்கையில் வசிப்பவருக்கு எதெல்லாம் பொருந்தும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பிரான்ஸ் மலைகளில் மீட்புக்குப் பொதுவாகக் காசு கேட்பதில்லை, சுவிஸில் பில் வரும். சிகரம் இத்தாலியில் என்றாலும் மூன்று நாடுகளையும் காப்பு உள்ளடக்கட்டும்; எல்லைகள் பக்கம் பக்கம்.

சீனி, பிரஷர், வீசிங் எதையும் மறைக்க வேண்டாம். நம்மவர்கள் கல்யாணப் பேச்சில் வருத்தத்தை மறைப்பதுபோல விண்ணப்பத்திலும் மறைத்தால், கட்டுப்பணம் கட்டியும் நட்டஈடு கிடைக்காமல் போகலாம். குழுவில் எல்லோரும் ஒரே கம்பனியில் எடுத்தால் அவசரத்துக்கு ஒரே இலக்கம் போதும். ஆளுக்கொரு தாளில் கடவுச்சீட்டு இலக்கம், பத்திர இலக்கம், எடுக்கும் மருந்து, வீட்டு போன் எழுதிப் பையின் மேல் பொக்கட்டில் வையுங்கள். பிரதி ஒன்று கொழும்பில், போன் எடுத்தால் உடனே பதில் சொல்லும் ஆளிடம் இருக்கட்டும்.

மலையில் ஏதும் நடந்தால் முதலில் 112. ஹெலிகொப்டர் தெரிந்தால் இரண்டு கைகளையும் மேலே விரித்து நில்லுங்கள். உதவி வேண்டும் என்று அர்த்தம். ஆள் பத்திரமான பிறகு காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள். பெரிய செலவு எதற்கும் அவர்களின் ஒப்புதல் இல்லாமல் கையெழுத்து வைக்க வேண்டாம், ரசீதுகளை ஒருவரே சேர்க்கட்டும்.