கூகுள் ஸ்லைட்ஸிலேயே ஒரு வகுப்பு வலைப்பூ: தொடங்குவோருக்கான செய்முறை

மாணவர்களை வலைப்பூ எழுத வைக்க விரும்பும் ஆசிரியர்கள் பலர் முதல் நாளே பிளாகரிலோ வேர்ட்பிரஸ்ஸிலோ கணக்குத் தொடங்கி, வார்ப்புரு தேடுவதிலும் முகப்புப் படம் மாற்றுவதிலும் இரண்டு பாடவேளைகளைச் செலவிட்டுவிட்டு, மூன்றாவது வாரத்தில் முயற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படிக் கைவிட்டவன்தான். அடுத்த ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியல் ஒப்படைப்புக்காக ஏற்கெனவே பழகியிருந்த, படவில்லைகள் தயாரிக்கும் கருவியான கூகுள் ஸ்லைட்ஸிலேயே தொடங்கினேன். கருவியைக் கற்பிக்கும் வேலை இல்லாமற்போகவே, முழு நேரமும் எழுத்துக்குக் கிடைத்தது. தேதியிட்ட பதிவு, அதைப் படிக்க ஒருவர், அவர் எழுதும் பின்னூட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் அது வலைப்பூதான். எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஆசிரியருக்கு ஒரு கூகுள் கணக்கு, இணைய இணைப்புள்ள நான்கைந்து கணினிகள், மாணவர்களுக்குக் கோடு போட்ட நோட்டு ஆகியவை போதும்.

படி 1: இரண்டு கோப்புகளை உருவாக்குங்கள்

ஸ்லைட்ஸில் இரண்டு கோப்புகளைத் திறந்து, ஒன்றுக்கு ‘வரைவு’ என்றும் மற்றொன்றுக்கு ‘வெளியீடு’ என்றும் பெயரிடுங்கள். ஃபைல் பட்டியலில் பேஜ் செட்டப் என்பதைத் திறந்து, கஸ்டம் என்பதைத் தேர்ந்து, 21 × 29.7 சென்டிமீட்டர் என்று கொடுத்தால் பக்கம் ஏ4 தாளைப் போல நெட்டுவாக்கில் நிற்கும். ஒரு ஸ்லைடு ஒரு பதிவு. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் நன்றாக இருக்கும். 14 அளவில் 120 சொற்களும் ஒரு படமும் தாராளமாக அடங்கும்.

வரைவுக் கோப்பை மட்டும் ஷேர் பொத்தானை அழுத்தி, இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று அமையுங்கள். இந்தியாவில் ஒருவர் தாமாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது நிரம்பியிருக்க வேண்டும்; எட்டாம் வகுப்பில் சிலர் அந்த எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஆகவே தனிக் கணக்கு கேட்காமல் இணைப்பின் வழியாகவே நுழைய விடுவது நல்லது. அப்படி நுழைபவர்களைக் கூகுள் ஏதாவதொரு விலங்கின் பெயரில் காட்டும் என்பதால் முதல் நாள் வகுப்பில் சிரிப்பொலி அடங்கச் சற்று நேரமாகும்.

பாடவேளை முடிந்ததும் அனுமதியை ‘பார்க்க மட்டும்’ என்று மாற்ற மறவாதீர்கள். ஒருநாள் நான் மறந்துவிட்டேன். மாலையில் பார்த்தபோது பதினொரு ஸ்லைடுகள் காணாமற்போயிருந்தன. ஃபைல், வெர்ஷன் ஹிஸ்டரி என்று போய்ப் பிற்பகல் நிலையைத் தேர்ந்து மீட்டெடுக்க ஒரு நிமிடம்தான் ஆனது. யார் அழித்தது என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் எல்லோருக்கும் மீட்டெடுக்கும் முறையைக் கற்பித்தேன். அதன் பிறகு அழித்துப் பார்க்கும் ஆர்வம் தானாகக் குறைந்துவிட்டது.

படி 2: தமிழ்த் தட்டச்சைச் சீர்செய்யுங்கள்

விண்டோஸ் 10, 11 கணினிகளில் மொழி அமைப்புக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மொழி மாற்றிக்கொள்ளலாம். தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. ‘அம்மா’ என்று எழுத ஆங்கில ஏ, கே, கே, க்யூ ஆகிய நான்கு விசைகள் போதும். ம இரண்டு முறை வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பத்தாவது நிமிடத்தில் ‘அப்பா’, ‘பட்டம்’, ‘குப்பை’ என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள்.

வீட்டிலிருந்தோ டிடிபி கடையிலிருந்தோ தட்டச்சு செய்து கொண்டுவரும் பதிவுகளில் ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஸ்லைட்ஸில் ஒட்டினால், ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கிலக் குறிகளாகச் சிதறிக் கிடக்கும். கணினி கெட்டுவிட்டது என்று மாணவர் பதறுவார். எல்லாக் கணினிகளும் ஒரேபோல் படிக்கும் எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றில் இட்டு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அடிக்கச் சொல்வதுதான் நிம்மதி.

தட்டச்சில் பின்தங்குபவர்கள் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் உள்ள வாய்ஸ் டைப்பிங்கில் தமிழைத் தேர்ந்து பேசலாம். நிறுத்தக்குறிகளையும் சந்திப்பிழைகளையும் பிறகு அவர்களே உட்கார்ந்து திருத்தட்டும். அது இலக்கண வகுப்பாகவும் ஆகிவிடுகிறது.

படி 3: நோட்டில் எழுதி, பிறகு கணினிக்கு வாருங்கள்

அதிக நேரம் தர வேண்டிய இடம் இதுதான். தலைப்பை நீங்கள் கொடுத்தால் கிடைப்பது தேர்வுக் கட்டுரை. ‘எங்கள் ஊர்க் குளம்’ என்று ஒரு மாணவர் எழுதி வந்தார். “எங்கள் ஊர்க் குளம் மிகவும் அழகானது. அது எங்கள் ஊரின் கண் போன்றது” என்று தொடங்கியிருந்தது. அந்தக் குளத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “தண்ணி வத்துனா மூணாவது படியில ஒரு மீன் செதுக்கியிருக்கிறது தெரியும் சார்” என்றார். அதையே தலைப்பாக வை என்றேன். ‘மூன்றாம் படியில் ஒரு மீன்’ என்ற அந்தப் பதிவில் கண் போன்ற குளம் வரவே இல்லை. தாத்தா அந்த மீனைப் பார்த்த ஆண்டும், இவர் பார்த்த ஆண்டும் வந்தன.

ஆகவே எழுதுவதற்கு முன் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள், கேட்பவர் எந்த இடத்தில் “அப்புறம்?” என்கிறாரோ அங்கிருந்து பதிவு தொடங்கட்டும். பதிவின் மேலே தேதியும் கீழே புனைபெயரும் இருக்க வேண்டும். புனைபெயர் தமிழ் எழுத்துலகுக்குப் புதிதல்ல. என் வகுப்பில் மைனா, புளியமரம், கடைசி பெஞ்ச் என்று வைத்துக்கொண்டார்கள்.

படி 4: படம் சேருங்கள்

கைப்பேசியில் எடுத்த படம் சிறந்தது. மாணவர் வரைந்த படத்தை ஒளிப்படமாக எடுத்துச் சேர்ப்பது இன்னும் சிறந்தது. முகம், சீருடையில் உள்ள பள்ளிச் சின்னம், வீட்டுக் கதவு எண் ஆகியவை படத்தில் வேண்டாம். இணையத்திலிருந்து எடுப்பதானால் கட்டற்ற உரிமத்தில் படங்கள் கிடைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடி, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழ் எழுதப் பழக்குங்கள்.

படி 5: பின்னூட்டம் எழுதக் கற்பியுங்கள்

வரியைத் தேர்ந்து, கண்ட்ரோல், ஆல்ட், எம் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பின்னூட்டப் பெட்டி திறக்கும். விதி ஒன்றே: ‘சூப்பர்’, ‘அருமை’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் தடை. பதிவிலுள்ள ஒரு வரியைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். மீன் பதிவுக்கு, “அந்த மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது?” என்று ஒரு கேள்வி வந்தது, பதிவை எழுதியவர் மறுநாள் போய்ப் பார்த்து வந்து ஒரு வரி சேர்த்தார். கணக்கில்லாமல் நுழைபவர்களின் பெயர் தெரியாது என்பதால் பின்னூட்டத்தின் இறுதியிலும் புனைபெயர் எழுதச் சொல்லுங்கள்.

படி 6: வெளியிடுங்கள்

முதல் மாதம் முழுவதும் வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. புனைபெயரில் வெளியிட்டாலும் தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வதே முறை.

ஒப்புதல் கிடைத்ததும், நீங்கள் படித்து முடித்த பதிவுகளை மட்டும் வரைவுக் கோப்பிலிருந்து நகலெடுத்து வெளியீட்டுக் கோப்பில், புதியது முன்னால் வரும்படி ஒட்டுங்கள். பின்பு அந்தக் கோப்பில் ஃபைல், ஷேர், பப்ளிஷ் டு வெப் என்று சென்று கிடைக்கும் முகவரியை நகலெடுங்கள். அந்த முகவரியில் வருபவர்கள் படிக்கத்தான் முடியும், பின்னூட்டம் இட முடியாது; முன்பின் தெரியாதவர்களின் சொற்கள் பிள்ளைகளை எட்டாது என்பதால் இதை நான் குறையாகக் கருதவில்லை. பிறகு நீங்கள் சேர்க்கும் பதிவுகளும் அதே முகவரியில் தாமாகத் தோன்றும். இரண்டு கோப்புகள் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே காரணம்: ஒரே கோப்பாக இருந்தால் பாதி எழுதிய வரைவும் ஊர் பார்க்க வெளியாகிவிடும்.

முகவரி நீளமாக இருக்கும். குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து க்யூஆர் குறியீடு உருவாக்கி, அச்செடுத்து, பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் வகுப்பறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஆண்டு முடிந்ததும் கோப்பைப் பிடிஎஃப்பாக இறக்கிப் பள்ளி நூலகத்துக்கு ஒரு படி கொடுத்துவிட்டு, அதே பப்ளிஷ் டு வெப் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டாப் பப்ளிஷிங் பொத்தானை அழுத்தினால் இணையத்திலிருந்து அந்தப் பக்கம் எடுக்கப்பட்டுவிடும்.