கூன் விழுந்த மேல்முதுகு, முழுசாக இறங்காத மூச்சு: கையால் செய்யக்கூடியவை

மேல்முதுகு வளைந்திருப்பவர்கள் "மூச்சு முழுசா இறங்கவே மாட்டேங்குது" என்று சொன்னால் மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். மார்புப் பகுதி முதுகெலும்பில் 12 முள்ளெலும்புகள், ஒவ்வொன்றோடும் பக்கத்துக்கு ஒரு விலா எலும்பு மூட்டுப் போட்டு நிற்கிறது. மூச்சை இழுக்கும்போது மேல் விலாக்கள் முன்பக்கமாக எழும்ப வேண்டும், கீழ் விலாக்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். முதுகு வளைந்தபடியே இறுகிவிட்டால் இந்த மூட்டுகளும் இறுகி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கும் சரியாக இறங்க இடமில்லாமல், கழுத்துத் தசைகள் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்கும். பலருக்கு இதோடு கழுத்து வலியும் ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான்.

ஆனால் முதலில் டாக்டர். இதயம், நுரையீரல், ரத்தசோகை என்று மூச்சு வாங்குவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு, கூனைப் பார்த்ததும் அதன் மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், உதடு நீலம் பாரிப்பது இவற்றில் எது இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், சமீபத்தில் கீழே விழுந்தவர்கள், வயதான பிறகு கூன் கூடி உயரம் குறைந்தவர்கள், இவர்களுக்கு முள்ளெலும்பு நொறுங்கியிருக்கக்கூடும், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை முதுகையோ விலாவையோ யாரும் அழுத்தக் கூடாது.

சரி, அப்படி எதுவும் இல்லையென்றால் முதலில் ஒரு அளவு எடுங்கள். நெஞ்செலும்பின் கீழ்நுனி மட்டத்தில் இஞ்ச் டேப்பைச் சுற்றி, மூச்சை முழுக்க விட்டு ஒருமுறை, முழுக்க இழுத்து ஒருமுறை. ஆரோக்கியமான இளவயதில் பொதுவாக 5 செ.மீ. அளவுக்கு வித்தியாசம் இருக்கும், வயதாக ஆகக் குறையும். 2.5 செ.மீ.க்குக் கீழே என்றால் நெஞ்சுக்கூடு நன்றாகவே இறுகிக் கிடக்கிறது.

இப்போது விலா. கூன் உள்ளவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் பக்கத்தின் கீழ் விலாக்களில் உள்ளங்கையை முழுசாகப் பதியுங்கள். விரல்கள் விலா ஓடும் திசையிலேயே இருக்கட்டும், நுனியால் குத்தாதீர்கள். அவர் மூச்சை விடும்போது விலா இறங்கும் போக்கிலேயே கையும் கூடவே போக வேண்டும், விட்டு முடிக்கும் இடத்தில் மட்டும் லேசாக ஒரு அழுத்தம், அடுத்த மூச்சு தொடங்கும்போது கையைத் தளர்த்திவிடுங்கள். 5, 6 மூச்சு போதும். பலர் கெடுப்பது இங்கேதான், அவர் மூச்சை இழுக்கும்போது அழுத்துவார்கள், அவரும் பயந்து தசையை இறுக்கிக்கொள்வார்.

அப்புறம் முன்நெஞ்சு. காறை எலும்புக்குக் கீழே, தோள்பட்டையை ஒட்டிய பள்ளத்தில் ஒரு சின்னத் தசை தோளை முன்னுக்கு இழுத்தே வைத்திருக்கும். மல்லாந்து படுத்த நிலையில் கட்டைவிரலின் தட்டையான பக்கத்தால் மென்மையாக 30 விநாடி அழுத்திப் பிடிக்கலாம். கை மரத்தாலோ கூசினாலோ நரம்பின் மேல் இருக்கிறீர்கள், உடனே எடுத்துவிடுங்கள்.

முள்ளெலும்பை நேரடியாக அழுத்தி அசைப்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடமே விட்டுவிடுங்கள், வீட்டில் 'டக்' சத்தம் வரவைக்கப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் சுருட்டிய டவலைத் தோள்பட்டை எலும்புகளின் கீழ்விளிம்பு மட்டத்தில் குறுக்கே வைத்து, முழங்காலை மடக்கி, தலைக்குத் தலையணை கொடுத்து 2 நிமிடம் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்தால் போதும்.

கையால் கிடைத்த தளர்வு அதிக நேரம் தங்காது. அதனால் அந்தச் சூட்டோடு உட்கார்ந்து, கீழ் விலாக்களில் கை வைத்து, மூக்கால் இழுக்கும் மூச்சு அந்தக் கையை வெளியே தள்ளுகிற மாதிரி 10 முறை செய்யுங்கள், தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். குப்புறப் படுத்து நெஞ்சை லேசாகத் தூக்கும் பயிற்சியையும் வாரத்தில் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். இளவயதிலேயே எலும்பின் வடிவம் மாறி விழுந்த கூன் எந்தக் கையாலும் நிமிராது, ஆனாலும் விலாவின் அசைவைக் கூட்ட முடியும். 6 வாரம் கழித்து அதே இடத்தில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள், அளவும் மாறவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சும் அப்படியேதான் வாங்குகிறது என்றால் மறுபடி டாக்டரிடம் போய் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.