எட்டாவது கிணறு: டிரைவர் எழுதுகிறவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு. உப்புவெளியில் என் வீட்டு விறாந்தைக்கு மாலை வகுப்புக்கு வருகிற பெடியளுக்கு லினக்ஸ் டிரைவர் (கருவியை இயக்க, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நிரல்) எழுதப் பழக்க அதையே பயிற்சியாகக் கொடுப்பேன். கிணற்றுக்கு ஒரு வெப்பமானி, 0 முதல் 6 வரை இலக்கம். பயனர் ஐஓசிடிஎல் (ioctl, டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வழியாக இலக்கத்தைச் சொல்வார், டிரைவர் வெப்பநிலையைத் தரவேண்டும்.

முதல் நாள் அநேகமாக எல்லோரும் எழுதுவது இதுதான்: இலக்கம் 6ஐ விடப் பெரிதென்றால் பிழைக்குறி. சரிபோலத்தான் தெரியும். ஆனால் மாறியின் வகை இன்ட் (int), எதிர்மறை எண்ணையும் ஏற்கும். நான் கீபோர்டை வாங்கி -1 என்று அனுப்புவேன். அது 6ஐ விடச் சின்னதுதானே, சோதனை விட்டுவிடும். அட்டவணைக்கு முன்னால் கெர்னல் நினைவகத்தில் எது கிடக்கிறதோ, டிரைவர் அதை எடுத்து வெப்பநிலை என்று நீட்டும். "சேர், கிணறு 31,000 பாகை காட்டுது" என்று ஒருவன் சிரித்தான். வாசிக்கிற இடமாக இருந்ததால் சிரிப்பு. எழுதுகிற இடமென்றால் மெஷினே விழுந்திருக்கும், அல்லது வேறொருவர் கைக்குப் போயிருக்கும். வகையை எதிர்மறை எண் இல்லாத அன்சைன்ட் (unsigned) ஆக்கினால் -1 மிகப் பெரிய எண்ணாகி அந்தச் சோதனையிலேயே மாட்டும்.

இதைவிட நுட்பமான பிழை, ஒரே பெறுமதியை இரண்டு தரம் வாசிப்பது. சந்தையில் பாரை மீனை நிறுத்துவிட்டுக் காசெடுக்கத் திரும்புகிறீர்கள். பையில் விழுவது வேறு மீன். டிரைவரிலும் அப்படித்தான். பயனர் நினைவகத்திலிருந்து தரவின் நீளத்தை எடுத்து, 64க்குள் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு நீளமும் தரவும் சேர்ந்த முழு ஸ்ட்ரக்டையும் (struct) மறுபடி நகலெடுத்து அதிலுள்ள நீளத்தைப் பாவிக்கிறார்கள். இடையில் அதே புரோகிராமின் கூடவே ஓடும் இன்னொரு த்ரெட் (thread) 64ஐ 6000 ஆக்கிவிடலாம். ஒரே தரம் கெர்னலுக்குள் நகலெடுங்கள், அந்த நகலைச் சோதியுங்கள், அதையே பாவியுங்கள்.

பெருக்கலையும் நம்ப வேண்டாம். பதிவு ஒன்றுக்கு 16 பைட். பயனர் 268435457 பதிவு கேட்கிறார். 32 பிட்டில் பெருக்கினால் கொள்ளாத மேல் பிட் வெட்டுப்பட்டு விடை 16! அவ்வளவு சின்ன இடத்தை ஒதுக்கிவிட்டு, கேட்ட பதிவு எல்லாவற்றையும் எழுத லூப் ஓடத் தொடங்கும். நினைவகம் ஒதுக்கும் கேமலாக்_அரே (kmalloc_array) இந்தப் பெருக்கலைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வேகமாக இருக்கட்டும் என்று, பயனர் நினைவகத்திலிருந்து நகலெடுக்க, முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட காப்பி_ஃப்ரம்_யூசரை (__copy_from_user) எடுப்பவர்களும் உண்டு. அது, பயனர் தந்த முகவரி பயனர் நினைவகத்துக்குள்தான் இருக்கிறதா என்று சோதிக்காது. ஏஆர்எம் (ARM) புரோசசருக்கான கெர்னலில், பயனர் நினைவகத்தில் ஒரு பெறுமதியை வாசிக்கும் கெட்_யூசர், எழுதும் புட்_யூசர் இரண்டிலும் இதே முகவரிச் சோதனை விடுபட்டதுதான் சிவிஇ-2013-6282 (CVE) என்று பதிவான பாதுகாப்புப் பிழை. ஆண்ட்ராய்டு போன்களில் ரூட், அதாவது முழு அதிகாரம், எடுக்க அது பயன்பட்டது.

அப்புறம், அடிக்கோடு இல்லாத காப்பி_ஃப்ரம்_யூசரும் தோற்றால் எதிர்மறை எண் தராது. நகலாகாமல் மிஞ்சிய பைட் எத்தனை என்றே சொல்லும். 'பூச்சியத்தை விடச் சிறிதா' என்று கேட்கிற வரி ஒருநாளும் வேலை செய்யாது. பூச்சியம் இல்லையென்றால், தவறான முகவரி என்ற பிழைக்குறியான -ஈஃபால்ட்டைத் (-EFAULT) திருப்புங்கள்.