ரோமானிய வெண்கலத் தேவியை அடையாளம் காண்பது எப்படி?

ரோமானியர் தம் வீடுகளில் லராரியம் என்ற சிறு மாடத்தில் வைத்து வழிபட்ட வெண்கலத் தெய்வ உருவங்கள், ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் இன்று பெருமளவில் காணப்படுகின்றன. அவற்றுள் பல ஒரு சாண் உயரத்தைக்கூட எட்டாதவை. அத்தகைய பெண் தெய்வச் சிலை ஒன்றின் முன் நிற்கும்போது, அருகில் உள்ள பெயர்ச்சீட்டை முதலில் படித்துவிட்டால் நம் கண் அந்தப் பெயருக்குப் பொருந்துவதை மட்டுமே பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே பெயரைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, சிலையைக் கைகளிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்.

கைகளில் இருப்பது என்ன, இல்லாவிட்டால் எது இருந்திருக்கும் என்பதே முதற்கேள்வி. தனியாகச் செய்து பொருத்தப்பட்ட ஈட்டி, சுக்கான், செங்கோல் போன்றவை எளிதில் கழன்று தொலைந்துவிடும் என்பதால், மூடிய விரல்களுக்கு நடுவே உள்ள துளையும் உள்ளங்கையின் திசையும் முக்கியமான சான்றுகள் ஆகின்றன. உயர்த்திய கையில் செங்குத்தான துளை இருந்தால் அங்கே ஈட்டியோ செங்கோலோ நின்றிருக்கலாம். நீட்டிய உள்ளங்கையில் தட்டையான வட்டம் இருந்தால் அது பெரும்பாலும் பத்தேரா எனப்படும் படையல் தட்டு. இந்தத் தட்டைக் கொண்டு மட்டும் எந்தத் தேவியையும் முடிவுசெய்ய இயலாது, ஏனெனில் ஜூனோ, மினர்வா, கொன்கோர்தியா ஆகியோர் அனைவரும் அதை ஏந்துவதுண்டு. கனிகள் நிரம்பி வழியும் வளக்கொம்பும் அப்படிப்பட்டதே. கொம்போடு தரையில் ஊன்றிய கப்பற்சுக்கானும் இருந்தால்தான் ஃபோர்த்துனா என்று உறுதியாகச் சொல்லலாம். மனிதரின் நற்பேற்றைத் திசைதிருப்புபவள் அவள் என்பதால் சுக்கான் அவளுடைய தனி அடையாளமாயிற்று.

அடுத்துத் தலையைப் பார்க்க வேண்டும். ஃபோர்த்துனாவைப் போலவே வளக்கொம்பும் சுக்கானும் ஏந்திய உருவத்தின் தலையில் பசுக்கொம்புகளுக்கு இடையே சூரியவட்டமும் அதன்மேல் இறகுகளும் இருந்தால், அது எகிப்தியத் தேவியான ஐசிஸும் ஃபோர்த்துனாவும் ஒன்றான ஐசிஸ்-ஃபோர்த்துனா ஆகும். மார்பின் நடுவே மேலாடையை முடிந்திருக்கும் ஐசிஸ் முடிச்சு இதை உறுதிப்படுத்தும். ஐசிஸ் கடற்பயணிகளின் காவல் தெய்வமாகவும் வணங்கப்பட்டாள் என்பதை நினைவிற்கொண்டால், சுக்கான் அவள் கைக்கு வந்ததில் வியப்பில்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் 1764-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஐசிஸ் கோயில், இந்த வழிபாடு இத்தாலிய நகர வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது. சில சிலைகளில் இவற்றோடு இறக்கைகளும் அம்பறாத்தூணியும்கூடச் சேர்ந்துகொள்ளும். அத்தகைய உருவத்துக்கு ஒற்றைப் பெயர் தேடுவதைவிட, பல தேவியரின் ஆற்றலை ஒருங்கே வேண்டிய ஒரு குடும்பத்தின் தெய்வம் என்று கொள்வதே பொருத்தம்.

மற்றத் தேவியரை அறிவது ஓரளவு எளிது. பிறைச்சந்திரன், குட்டையான ஆடை, வேட்டைக் காலணி, அம்பறாத்தூணி ஆகியவை தியானாவுக்கு உரியவை. உலக உருண்டையின்மேல் கால் ஊன்றி, மலர்வளையமும் ஈச்சங்கீற்றும் ஏந்திய இறக்கைப் பெண் விக்டோரியா. ஆடையின்றியோ இடுப்புக்குக் கீழ் மட்டும் ஆடையுடனோ நின்று ஈரக்கூந்தலைப் பிழிபவள் வீனஸ். தலைக்கவசம் அணிந்தவளைக் கண்டதும் மினர்வா என்று சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. ரோம் நகரத்தின் உருவகமான ரோமா தேவியும் தலைக்கவசம் அணிவாள். அவளுக்குப் பெரும்பாலும் ஒரு மார்பு திறந்திருக்கும். பாம்புக்கூந்தல் கொண்ட மெடூசாவின் தலை பதித்த ஈஜிஸ் என்னும் மார்புப் போர்வை இருந்தால் மட்டுமே மினர்வா என்று துணிய வேண்டும்.

இந்தப் பட்டியலுக்குள் அடங்காத தேவியரும் உண்டு. பேரரசின் வடமேற்கு மாகாணங்களில் உள்ளூர்த் தெய்வங்கள் ரோமானிய வார்ப்பாளரின் கையில் உருவம் பெற்றன. பிரான்சின் சேன் ஆற்றின் ஊற்றுப் பகுதியில் 1933-இல் கிடைத்த, அந்த ஆற்றின் தேவியான செக்குவானா, வாத்துத்தலை முகப்புடைய படகில் நிற்கிறாள். அவள் இப்போது திஜோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். சுவிட்சர்லாந்தின் முரி என்ற ஊரில் 1832-இல் கிடைத்த ஆர்த்தியோவின் எதிரே ஒரு கரடி நிற்கிறது. அவளுடைய பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், லிசினியா சபினில்லா என்ற பெண் இச்சிலையை ஆர்த்தியோ தேவிக்கு அளித்தாள் என்று பீடத்தில் பொறிக்கப்பட்டிருப்பதே. எனவே பீடம் எஞ்சியிருந்தால் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதே வேளையில், பீடங்கள் தனியாக வார்க்கப்பட்டதால், வேறொரு சிலையின் பீடம் பிற்காலத்தில் மாட்டப்பட்டிருக்கவும் கூடும்.

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிவர வழியிருந்தால் முதுகுப்புறத்தைத் தவறாமல் பார்க்கவும். மாடத்தில் சுவரை ஒட்டி நின்ற சிலைகளில் பின்புறத்து ஆடை மடிப்புகள் மேலோட்டமாகவே செதுக்கப்பட்டிருப்பதுண்டு. தோள்பட்டைகளுக்கு இடையே காணப்படும் துளைகள் இழந்துபோன இறக்கைகளைச் சொல்லக்கூடும், அப்போது பெயரே மாறிவிடும்.

செய்முறையைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி உண்டு. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறையில் இன்றும் நடப்பதுதான். ரோமானியச் சிறு சிலைகளும் பெரும்பாலும் அவ்வாறே உள்ளீடு நிறைந்த கனவார்ப்பாகச் செய்யப்பட்டன. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தில் அவர்கள் காரீயத்தையும் அடிக்கடி சேர்த்தனர், ஏனெனில் அது உருகிய உலோகம் அச்சின் நுணுக்கங்களுக்குள் எளிதாக ஓட உதவும். சில சிலைகளின் கண்களில் வெள்ளி பதிக்கப்பட்டிருக்கும். கருத்த முகத்தில் அந்த வெள்ளி மட்டும் மின்னுவதைக் கண்டால், அது செலவுசெய்து செய்வித்த சிலை என்று ஊகிக்கலாம்.

காலத்தைக் கணிப்பதில் நிதானம் வேண்டும். கிரேக்க மூலங்களிலிருந்து பெறப்பட்ட நிலைகளும் ஆடை மடிப்புகளும் பல நூற்றாண்டுகள் மாறாமல் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டதால், உருவ அமைப்பு மட்டும் காலத்தைச் சொல்லாது. அரசகுலப் பெண்டிரின் சிகையலங்காரத்தைத் தேவியும் பின்பற்றியிருந்தால் அது ஓரளவு உதவும். மற்றபடி, கிடைத்த இடமே நம்பத்தக்க சாட்சி: பொம்பெயியில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடைத்தது கி.பி. 79-க்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஜெர்மனியின் வைசன்பர்க்கில் 1979-இல் தோட்டத்தில் மண்ணைக் கொத்தியபோது வெளிப்பட்ட தெய்வச் சிலைகள், மூன்றாம் நூற்றாண்டின் படையெடுப்புகளின்போது புதைக்கப்பட்டவை என்று கருதப்படுகிறது. ஆனால் புதைக்கப்பட்ட காலம் வேறு, வார்க்கப்பட்ட காலம் வேறு. அதுபோலவே கிடைத்த ஊரும் செய்த ஊராக இருக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் பிரம்மபுரி அகழாய்வில் கிடைத்த கிரேக்கக் கடல் தெய்வமான பொசைடனின் வெண்கல உருவம், கடல் கடந்து வந்த ரோமானியச் சிலையே.

சிலையின் மேற்பரப்பில் படிந்துள்ள சிவப்பு, பச்சை, நீலப் படலங்கள் நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்ததால் ஏற்பட்டவை. நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் போலப் புளியிட்டுத் தேய்த்து மின்ன வைக்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. களிம்போடு சேர்ந்து மூலச் செதுக்கலும் போய்விடும். விலக்கு ஒன்று உண்டு. வெளிர்பச்சை நிறத்தில் மாவு போலப் பொடி உதிர்ந்தால் அது வெண்கல நோய். குளோரைடு உப்புகள் ஈரப்பதத்துடன் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்தே தின்னத் தொடங்கியிருப்பதன் அடையாளம். அப்போது சிலையை உலர்ந்த சூழலில் தனிமைப்படுத்திவிட்டு, பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

விற்பனைக்கு வரும் சிலையாக இருந்தால் ஐயத்தோடு தொடங்குவதே முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸின் கியுராட்ஸி வார்ப்பகம் போன்றவை பொம்பெயி, ஹெர்குலேனியம் சிலைகளின் நகல்களைப் பயணிகளுக்காக வெளிப்படையாகவே செய்து விற்றன. பிற்கால விற்பனையில் அவற்றின் பிறப்பு மறக்கப்பட்டு அவையே பழஞ்சிலைகளாக நடமாடுவதுண்டு. ஒரே சீராகப் பூசியது போன்ற பச்சை, உள்ளே நவீனத் திருகாணி ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். சிலை உண்மையானதாகவே இருந்தாலும், பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை உருவான 1970-க்கு முன்பே அது பிறந்த மண்ணை விட்டு வெளியேறியதா என்பதற்கு ஆவணம் கேட்க வேண்டும். கோயில் திருமேனிகளைத் திருட்டுக்குப் பறிகொடுத்த நமக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும்.

குறிப்பேட்டில் பதியும்போது உயரம், பொருள், செய்முறை, நிற்கும் நிலை, கைகள், தலை, ஆடை, முதுகு, பீடம், கிடைத்த இடம், இழந்த பகுதிகள் என்ற வரிசையில் எழுதி, தேவியின் பெயரை இறுதியில் இடவும். அடையாளச் சின்னம் உடைந்துபோயிருந்தால் பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறியையும் சேர்க்கவும். அதற்குப் பிறகு அருங்காட்சியகத்தின் பெயர்ச்சீட்டைப் படித்து, இரண்டும் வேறுபட்டால் எந்தச் சான்றில் வேறுபடுகின்றன என்பதை அதே பக்கத்தில் குறித்துவைக்கவும்.