குளம், வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைக்க பெட்ரோல் பம்பு: முதல்முறை வைப்பவர்களுக்கு

டெல்டாவின் கடைமடையில், திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம், கையால் தூக்கிச் செல்லும் பம்புக்கு வருடத்தில் இரண்டு முறை வேலை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்ட பயிர் மூழ்கி நிற்கும்போது தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடிய பிறகும் பச்சையாக நிற்கும் தாளடிக்கு (இரண்டாம் போக நெல்), வடிகாலிலோ குட்டையிலோ தேங்கியதை வயலுக்கு ஏற்ற வேண்டும். முன்பு இதற்கு இரண்டு பேர் எதிரெதிரே நின்று இறைகூடை போட்டார்கள். இப்போது 25 கிலோ எடையுள்ள பெட்ரோல் பம்பை ஒருவரே சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

முதல்முறை வாங்குபவர்களும் வாடகைக்கு எடுப்பவர்களும் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் மக்கர் செய்யாது. தகராறு எல்லாம் பம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஐந்தாறு மீட்டர் உறிஞ்சு குழாயில்தான். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: எந்த அளவு பம்பு?

பம்பின் வாய் அளவை வைத்துத்தான் கடையில் பேசுவார்கள். 2 இன்ச் பம்பின் அட்டைப்பெட்டியில் நிமிடத்துக்கு 500 முதல் 600 லிட்டர் என்றும், 3 இன்ச் பம்பில் 1,000 லிட்டர் வரை என்றும் போட்டிருக்கும். அது கிட்டத்தட்ட ஏற்றமே இல்லாமல் தண்ணீர் வெளியே கொட்டும்போது கிடைக்கும் கணக்கு. நம் வயலில் அதில் பாதி வந்தாலே நல்ல பம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு மா (மூன்று மா ஒரு ஏக்கர்) நிலத்துக்கும் நாற்றங்காலுக்கும் 2 இன்ச் போதும். மழைத் தண்ணீரை வடிக்க வேண்டுமென்றால் 3 இன்ச் வாங்குங்கள். அங்கே உயரம் குறைவு, அளவுதான் முக்கியம். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுகிற வேலை என்றால் டீசல் இன்ஜின்தான் கட்டுப்படியாகும், ஆனால் அதை நகர்த்த நாலு பேரோ வண்டியோ வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் சின்ன டூ ஸ்ட்ரோக் பம்பு தோட்டத்துச் செடிகளுக்குச் சரி, வயலுக்கு வேண்டாம்.

வாங்கும்போது 'செல்ஃப் பிரைமிங்' வகையா என்று கேளுங்கள். இந்த வகையில் பம்பின் வயிற்றில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும், குழாயில் இருக்கும் காற்றை அதுவே வெளியேற்றிவிடும். பழைய டீசல் செட்டுகளில் குழாயின் அடியில் புட்வால்வு (தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு) போட்டு, உறிஞ்சு குழாய் முழுவதும் வாளி வாளியாக ஊற்றி நிரப்ப வேண்டும்.

படி 2: இரண்டு குழாயும் ஒன்றல்ல

உறிஞ்சும் பக்கத்துக்கு உள்ளே சுருள் வைத்த கெட்டியான குழாய் வேண்டும். வெளியே தள்ளும் பக்கத்துக்குத் தட்டையாகச் சுருட்டி வைக்கும் ஹோஸ் போதும். மிச்சம் பிடிக்கிறேன் என்று தட்டை ஹோஸை உறிஞ்சும் பக்கம் மாட்டினால், இன்ஜின் வேகமெடுத்ததும் அது ஒட்டிக்கொண்டு தண்ணீர் வராது.

டெலிவரி ஹோஸின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். நிமிடத்துக்கு 500 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் நீளமுள்ள 2 இன்ச் ஹோஸில் தள்ளினால், உராய்வுக்கு மட்டுமே ஏறக்குறைய 35 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அளவு சக்தி போய்விடும். சாதாரண 2 இன்ச் பம்பின் மொத்தத் திறனே 30 மீட்டர் சுமார்தான். அதனால் 500 வராது, வருவதும் மெலிந்துதான் வரும். அதே தண்ணீர் 3 இன்ச் ஹோஸில் போனால் இழப்பு 5 மீட்டருக்குள் அடங்கிவிடும். தூரம் 30 மீட்டருக்கு மேல் என்றால் 2 இன்ச் பம்பாக இருந்தாலும் ஒரு ரெடியூசர் (இரண்டு அளவுகளை இணைக்கும் துண்டு) வாங்கிப் பெரிய ஹோஸ் மாட்டுவதே லாபம்.

இன்னொன்று: மழைக்காலத்தில் சுருட்டி வைத்த ஹோஸை அப்படியே கையில் அள்ளாதீர்கள். ஒரு குச்சியால் தட்டி உருட்டிவிட்டு விரியுங்கள். எலியும் பாம்பும் ஒதுங்குகிற இடம் அது.

படி 3: பம்பை எங்கே வைப்பது?

தண்ணீருக்குப் பக்கத்தில். வயலுக்குப் பக்கத்தில் அல்ல. சரியான அளவு ஹோஸ் இருந்தால் பம்பு தண்ணீரை நல்ல தூரம் தள்ளும், உறிஞ்சுவதற்குத்தான் தாண்ட முடியாத எல்லை உண்டு. உண்மையில் பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் காற்று குறைந்ததும் வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தத்தால் தண்ணீரை 10 மீட்டர் சுமார்தான் தூக்க முடியும். குழாய் இழப்பு, பம்பின் தேய்மானம் எல்லாம் போக 7 மீட்டர் என்று புத்தகத்தில் இருக்கும். நாலு மீட்டருக்குள் வைத்தால் நிம்மதியாக ஓடும்.

சமமான, கெட்டியான தரை பாருங்கள். புதிதாக மண் போட்ட வரப்பில் வைத்தால் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து குளத்துக்குள் இறங்கிவிடும். கீழே ஒரு பலகை போட்டு, கரைப்பக்கம் முளை அடித்துக் கயிற்றால் கட்டுங்கள்.

கிணற்றுக்குள்ளோ ஆழமான குழிக்குள்ளோ பெட்ரோல், டீசல் இன்ஜினை இறக்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். தண்ணீர் எட்டாத ஆழத்தில் இருந்தால் இந்தப் பம்பு உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். மழை என்று கீற்றுக்கொட்டகைக்குள் வைத்து ஓட்டுவதும் ஆகாது.

படி 4: உறிஞ்சு குழாய்

குழாயைப் பம்பின் வாயில் மாட்டும்போது வாஷர் இருக்கிறதா என்று விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். கிளிப்பை இரண்டாகப் போட்டு, திருகைக் கையால் அல்ல, ஸ்குரூடிரைவரால் இறுக்குங்கள். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கப் பார்ப்பது போலத்தான், ஊசி அளவு கசிவு இருந்தாலும் காற்றுதான் வரும். தண்ணீர் வெளியே சொட்டாது என்பதால் இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. பழைய சைக்கிள் டியூபை ரிப்பனாக அறுத்து இணைப்பின் மேல் இழுத்துச் சுற்றினால் அன்றைய பொழுது ஓடிவிடும்.

தண்ணீரிலிருந்து பம்பு வரை குழாய் ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் வரப்பின் மேல் ஏறி, பிறகு பம்புக்கு இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். வரப்பைக் கொஞ்சம் வெட்டிக் குழாயைத் தாழ்த்துங்கள், வேலை முடிந்ததும் அடைத்துக்கொள்ளலாம்.

குழாயின் அடியில் பம்போடு வந்த சல்லடையை மாட்ட மறக்காதீர்கள். அது மட்டும் போதாது. குளத்தில் பாசி, ஆகாயத்தாமரை வேர், மீன் குஞ்சு எல்லாம் அதில் வந்து அப்பிக்கொள்ளும். பக்கமெல்லாம் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் சல்லடையை வைத்து, கூடையைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டுங்கள். பரப்பு பெரிதாவதால் உறிஞ்சும் வேகம் குறைந்து, குப்பை ஒட்டாது.

சேற்றிலும் படக்கூடாது, மேலே காற்றையும் வாங்கக்கூடாது. ஐந்து லிட்டர் காலி எண்ணெய்க் கேனை நன்றாக மூடி, ஒரு முழக் கயிற்றில் கூடையோடு கட்டிவிட்டால் கேன் மிதக்கும், கூடை ஒரு முழம் கீழே தொங்கும். தண்ணீர் குறையக் குறைய அதுவும் இறங்கும். சல்லடைக்கு மேலே நீர்ப்பரப்பில் சுழி விழுந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம், கயிற்றை நீட்டுங்கள்.

படி 5: ஆயில், பெட்ரோல், தண்ணீர்

புதுப் பம்பில் பெரும்பாலும் இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் வரும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில், புத்தகத்தில் சொன்ன ஆயிலை (2, 3 இன்ச் பம்புகளுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும்) இன்ஜினைச் சமமாக வைத்து ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் மட்டும்தான் பெட்ரோலில் ஆயில் கலப்பு.

அப்புறம் பம்பின் தலையில் இருக்கும் மூடியைத் திறந்து, நிரம்பி வழியும் வரை தெளிந்த தண்ணீர் ஊற்றுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் உள்ளே சுழலும் தண்டின் வழியாகத் தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கருகிவிடும்.

படி 6: ஸ்டார்ட் செய்வது

பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை மூடி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் நகர்த்தி, ஸ்விட்சைப் போடுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் இறுகும். அதிலிருந்து ஒரே வீச்சாக இழுக்க வேண்டும். கயிற்றைச் சட்டென்று விடாமல் கையோடு கொண்டுபோய் விடுங்கள். ஓடத் தொடங்கியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒரு நிமிடம் கழித்து வேகத்தைக் கூட்டுங்கள்.

டெலிவரி ஹோஸின் முனையை முன்பே முளையில் கட்டியிருக்க வேண்டும். முதல் தண்ணீர் வரும்போது அது சாட்டையாகத் துள்ளும்.

தண்ணீர் வரவில்லையா?

உயரத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். மூன்று நிமிடம் தாண்டியும் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

பம்பின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உள்ளே ஊற்றிய அதே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது, குளத்திலிருந்து எதுவும் ஏறவில்லை. ஆறவிட்டு, தலை மூடியைத் திறந்து மறுபடி நிரப்புங்கள். ஓட்டும்போது உறிஞ்சு இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படுவது தெரியும். கசிவே இல்லை, குழாயும் சுருங்கி ஒட்டவில்லை, சல்லடையும் சுத்தம் என்றால் பம்பு உயரத்தில் இருக்கிறது. இரண்டடி கீழே இறக்கி வையுங்கள்.

நன்றாக வந்த தண்ணீர் போகப்போக மெலிந்தால் முதலில் சல்லடையைப் பாருங்கள். விட்டு விட்டு, குமிழியோடு துப்பினால் எங்கோ காற்று வாங்குகிறது. இன்ஜின் தானாக நின்றுவிட்டால் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் தானே அணையும் அமைப்பு பல மாடல்களில் உண்டு, சாய்வாக வைத்தாலும் அது வேலை காட்டும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது?

கணக்கு எளிது. ஒரு மாவில் ஒரு இன்ச் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 34,000 லிட்டர் வேண்டும். உங்கள் பம்பு உண்மையில் எவ்வளவு தருகிறது என்று பார்க்க, ஹோஸ் முனையில் 200 லிட்டர் பேரலை வைத்து எவ்வளவு நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 300 லிட்டர். அப்படியானால் ஒரு மாவுக்கு ஒரு இன்ச் விட இரண்டு மணி நேரம் ஆகும். இந்த அளவு இன்ஜின் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். வெடித்த நிலத்தில் முதல் இன்ச் எங்கே போனது என்றே தெரியாது, அதற்குச் சேர்த்துப் பெட்ரோல் வாங்கி வையுங்கள்.

தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு சாக்கோ தென்னங்கீற்றோ போடுங்கள், இல்லையென்றால் பயிரின் வேரோடு குழி பறித்துவிடும். கடலோர வடிகால் என்றால் ஏற்றுவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பைப் பார்த்துவிடுங்கள். நெல் பூக்கிற நேரத்தில் உப்பு ஏறினால் பதராகப் போகும். பொது வாய்க்காலில் இறைக்கிறீர்கள் என்றால் நீர்வளத் துறை ஆட்களிடமும் கீழ்மடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அண்ணே, இரண்டு மணி நேரம் ஓட்டிக்கிறேன் என்று முன்பே சொன்னால் பஞ்சாயத்து வராது.

வயலை வடிக்கும்போது

முதலில் மடையை மணல் மூட்டையால் அடையுங்கள். வடிகால் வயலைவிட உயர்ந்து நிற்கும்போது மடை திறந்திருந்தால், வெளியே தள்ளிய தண்ணீரே திரும்பி உள்ளே வரும். இரவெல்லாம் ஓடும், மட்டம் அசையாது.

வயலின் தாழ்ந்த மூலையில் ஒன்றரை அடிக்குக் குழி வெட்டிக் கூடையை அதில் இறக்குங்கள். இல்லாவிட்டால் கடைசி நாலு இன்ச் தண்ணீரைப் பம்பால் பிடிக்கவே முடியாது. குழியிலிருந்து இரண்டு பக்கமும் மண்வெட்டியால் சின்னச் சால் இழுத்துவிட்டால் தண்ணீர் தானே வந்து சேரும். முழுக்க வறட்ட வேண்டியதில்லை. பயிரின் நுனி தலைதூக்கினால் முதல் நாளுக்குப் போதும்.

சிலர் இதற்குக் கரன்ட் நீர்மூழ்கி மோட்டாரை இறக்குகிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கரன்ட் கசிந்தாலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (RCCB) ஸ்விட்ச் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். இருந்தாலும் மோட்டார் ஓடும்போது யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

நிறுத்தி எடுத்து வைப்பது

வேகத்தைக் குறைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பெட்ரோல் ஊற்றுவதானால் இன்ஜின் ஆறட்டும். கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பம்பின் வயிற்றுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சேறோ உப்போ இறைத்த நாளில் ஒரு வாளி நல்ல தண்ணீரை உறிஞ்சவிட்டு ஓட்டிக் கழுவ வேண்டும்.

புது இன்ஜினுக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், அப்புறம் 100 மணிக்கு ஒருமுறை. அடுத்த பருவம் வரை வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓட்டுங்கள். இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஆறு மாதம் உள்ளேயே கிடந்தால் கார்புரேட்டரைப் பிரிக்கச் சொல்லி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டியிருக்கும். ஹோஸை நிழலில் உலர்த்திச் சுருட்டி, உத்தரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் எலி கடித்துவிடும்.