சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதன் பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் நான் தஞ்சாவூர் வரை சென்று 2 கேவிஏ (ஏறத்தாழ 2000 வாட்) என்று எழுதியிருந்த ஒரு கையடக்க இன்வெர்ட்டர் ஜெனரேட்டரை அவசரமாக வாங்கி வந்தேன். விளக்குகள் எரிந்தன, மின்விசிறி சுழன்றது. போர்வெல் மோட்டாரின் சுவிட்சைப் போட்டதும் என்ஜின் ஒரு முறை முக்கியது. பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வீடு முழுவதும் மீண்டும் இருண்டது. குடங்களோடு வாசலில் நின்ற அம்மா ஒன்றும் சொல்லாமல் அவற்றைத் திண்ணையில் இறக்கி வைத்தார். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. தவறு என் கணக்கில் இருந்தது, அந்தத் தவறைப் பலரும் இன்றும் செய்கிறார்கள்.

மோட்டார் ஓடுவதற்குத் தேவையான மின்சாரம் வேறு, நின்ற நிலையிலிருந்து கிளம்புவதற்குத் தேவையான மின்சாரம் வேறு. ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆனால் அது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் வேலையின் அளவு மட்டுமே. இழப்புகளையும் சேர்த்தால், ஓடும்போது அந்த மோட்டார் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். கிளம்பும் நொடியிலோ ஓடும்போது இழுப்பதைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு வரை மின்னோட்டம் பாயும். இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஜெனரேட்டர்கள் இந்த நொடிநேரச் சுமையை மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தபடியாவது தாங்கப் பார்க்கும். இன்வெர்ட்டர் வகையில் உள்ள மின்னணுச் சுற்று தன்னைக் காத்துக்கொள்வதற்காக உடனே வெளியீட்டை நிறுத்திவிடும். ஆகவே ஒரு எச்.பி. நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டுவதற்காக 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. அரை எச்.பி. மோட்டாரைக்கூட அந்தக் கருவிகளில் சில ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. பணம் கொடுப்பதற்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனெனில் இவ்வகைச் சிறிய கருவிகள் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை மட்டுமே தருகின்றன.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் மூலையில் பேட்டரியோடு இருக்கும் பெட்டியைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி கிடையாது. பெட்ரோல் தீர்ந்தால் மின்சாரமும் நின்றுவிடும். சாதாரண ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் கிடைக்க வேண்டுமென்றால், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். இன்வெர்ட்டர் வகையில், என்ஜின் உருவாக்கும் மாறுமின்னோட்டம் முதலில் நேர்மின்னோட்டமாக மாறி, பிறகு மின்னணுச் சுற்றின் வழியே சீரான 50 ஹெர்ட்ஸ் அலையாக வெளிவருகிறது. அதனால் சுமை குறைந்தால் என்ஜினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஓசை குறைவதும், பெட்ரோல் மிச்சமாவதும், மடிக்கணினி, வைஃபை ரூட்டர், ஆக்சிஜன் செறிவூட்டி போன்றவற்றைக் கவலையில்லாமல் இணைக்க முடிவதும் இந்த அமைப்பினால்தான். கூடுதல் விலை கொடுப்பது இந்த நன்மைகளுக்காக என்பதால், மோட்டாரை மட்டும் ஓட்டுவதற்கு இதை வாங்குவது பொருத்தமற்ற செலவு.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்புவது அடுத்த தவறு. அது பெரும்பாலும் சிறிது நேரத்துக்கு மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு அதைவிடக் குறைவாக, கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும். 2 கேவிஏ என்று எழுதிய கருவி 1.6 அல்லது 1.8 கேவிஏ மட்டுமே தொடர்ந்து தருவது வழக்கமான ஒன்று. வீட்டில் எதை எதை ஓட்டப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி, தொடர் அளவோடு ஒப்பிட வேண்டும். பழைய வகை மின்விசிறிக்கு 75 வாட், புதிய பி.எல்.டி.சி. வகை மின்விசிறிக்கு 30 வாட் அளவில், எல்.இ.டி. விளக்குக்கு 9 வாட், ரூட்டருக்கு 10 முதல் 15 வாட், ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்கு 100 முதல் 150 வாட் என்று எழுதிக்கொண்டு போனால், ஒரு குடும்பத்தின் உண்மையான அவசரத் தேவை 500 வாட்டைத் தாண்டுவது அரிது என்பது தெரியவரும். கணக்கைக் குலைப்பவை சூடாக்கும் கருவிகள். இன்டக்‌ஷன் அடுப்பும் கீசரும் ஒவ்வொன்றும் 2000 வாட் வரை விழுங்கும், இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட் இழுக்கும்; இவற்றைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸரும் ஒரு மோட்டார்தான். அது கிளம்பும் நொடிக்காகப் பட்டியலில் ஆயிரம் வாட் அளவுக்கு இடம் விட்டுவைப்பது பாதுகாப்பானது.

பயந்துபோய் மிகப் பெரிய கருவியை வாங்குபவர்களும் உண்டு. 2 கேவிஏ கருவி 20 கிலோவை ஒட்டிய எடையில் இருக்கும். ஒருவரே தூக்கிக் காரின் பின்பகுதியில் வைத்துவிடலாம். 3 கேவிஏ கருவிகளில் சில 60 கிலோவை நெருங்குகின்றன. சுற்றுலாவில் கூடாரம் போட்டுத் தங்கும் முகாமுக்கு எடுத்துச் செல்லலாம் என்று நினைத்து வாங்கியது, தூக்க ஆளில்லாமல் வீட்டுக் கொட்டகையிலேயே கிடக்கும்.

என் அனுபவத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் வழி, ஏற்கெனவே இருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரோடு சிறிய ஜெனரேட்டரைச் சேர்த்துப் பயன்படுத்துவதுதான். 150 ஏ.எச். பேட்டரியை ஏற்றும்போது இன்வெர்ட்டர் ஏறத்தாழ 200 முதல் 250 வாட் எடுத்துக்கொள்ளும். பாதி இறங்கிய பேட்டரி நிறைய ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். பகலில் ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டரியை ஏற்றி, அதே நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியையும் இயக்கிக்கொண்டால், இரவு முழுவதும் ஓசையோ புகையோ இல்லாமல் மின்விசிறியும் விளக்கும் பேட்டரியிலேயே ஓடும். 2 கேவிஏ கருவியின் தொட்டியில் நான்கு லிட்டருக்குச் சற்று குறைவாகவே பெட்ரோல் பிடிக்கும். கால் பங்குச் சுமையில் அது எட்டு மணி நேரம் வரை வரும், முழுச் சுமையில் மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். விளம்பரத்தில் காட்டப்படும் மணிக்கணக்கு கால் பங்குச் சுமைக்கானது என்பதை மறந்துவிட்டுப் பெட்ரோல் கணக்குப் போடுபவர்கள் இரண்டாம் நாளே பங்க்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். உரிமம் இல்லாமல் ஒருவர் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கக்கூடிய பெட்ரோலின் அளவு, 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி 30 லிட்டர்.

ஓசை அளவிலும் இதே கதைதான். கருவியின் விவரப் பட்டியலில் இருக்கும் டெசிபல் எண் பெரும்பாலும் ஏழு மீட்டர் தூரத்தில், கால் பங்குச் சுமையில் எடுக்கப்பட்டது. தூரம் பாதியானால் திறந்த வெளியில் 6 டெசிபல் கூடும். சுமை ஏறினால் மேலும் கூடும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. மிக அமைதியானது என்று விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவையும் இந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. முகாமிலும் பக்கத்துக் கூடாரத்தில் குழந்தைகள் உறங்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைக்கு எடுத்துச் செல்பவர்கள் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கார்புரேட்டர் என்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தன் சக்தியில் சுமார் 3.5 சதவீதத்தை இழக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் 1800 வாட் தந்த கருவி அங்கே 1400 வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வெளிநாட்டு உறவினர் மூலம் வரவழைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தருபவை. நம்முடைய 230 வோல்ட் பொருட்களுக்கு அவை பயன்படா.

இதுவரை சொன்ன தவறுகளால் பணமும் நிம்மதியும் போகும். இனிச் சொல்லும் இரண்டும் உயிரைப் பறிப்பவை.

பெட்ரோல் என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்வதால், மூச்சு ஒழுங்காக வருவதுபோல் தோன்றும்போதே உடல் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடலாம். மழைக்குப் பயந்து கருவியை வீட்டின் முன்கூடத்தில் வைப்பது, அடுக்குமாடியில் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது, கூடாரத்தின் வாசலிலேயே ஓட்டுவது, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று நம்புவது ஆகிய எல்லாமே ஆபத்தானவை. வீட்டிலிருந்தோ கூடாரத்திலிருந்தோ குறைந்தது ஆறு மீட்டர், அதாவது இருபது அடி தள்ளி, புகைக்குழாய் மனிதர்கள் இல்லாத பக்கம் பார்த்திருக்கும்படி, நான்கு புறமும் திறந்த இடத்தில்தான் கருவியை வைக்க வேண்டும். மழைக்குப் பக்கச் சுவர் இல்லாத கூரை போதும். இந்த இடம் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளர், ஜெனரேட்டரை விட்டுவிட்டுப் பெரிய பேட்டரி வாங்குவதே சரியான முடிவு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது, இரு முனையிலும் பிளக் வைத்த கம்பியால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பது. புயல் நாட்களில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மின்சாரம் மீட்டர் வழியே தெருக் கம்பிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் பின்னோக்கிப் பாயக்கூடும். பதினோராயிரம் வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், பின்பக்கமாக வரும் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்ட கம்பி என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர் அதனால் உயிரிழக்க நேரிடும். நமக்கு வெளிச்சம் கொண்டுவருவதற்காக அடுத்த மாவட்டத்திலிருந்து வந்து கம்பம் நட்டவர்கள் அவர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து, தெரு இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். அதுவரை தேவையான பொருளை மட்டும் தடித்த நீட்டிப்புக் கம்பி மூலம் நேரடியாக ஜெனரேட்டரில் இணையுங்கள்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகளில் முதன்மையானது எண்ணெய் தொடர்பானது. புதிய கருவிகள் பெரும்பாலும் என்ஜின் எண்ணெய் இல்லாமலேயே வருகின்றன. ஊற்றிவிட்டுத்தான் இயக்க வேண்டும். முதல் இருபது மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அதன் பின் ஏறத்தாழ நூறு மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கருவி ஏற்றதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் உள்ளே தங்கும் பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின்போல் படிந்து அடைத்துவிடும். எத்தனால் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் எரிபொருள் வால்வை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகே எடுத்துவைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கொட்டகைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று குளிர்சாதனப் பெட்டியையும் இரண்டு மின்விசிறிகளையும் இணைத்துக் கருவியைக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, தேதியையும் எண்ணெய் அளவையும் அதில் எழுதி வைக்கிறோம். அக்டோபர் தொடங்குவதற்கு முன் புது எண்ணெய் ஊற்றிய வரியை மட்டும் அம்மா சிவப்பு மையில் எழுதச் சொல்வார்.