கோளப்பரப்பில் முழுக்களாலான புள்ளிகளைக் கண்டறியும் முறை

ஆதிப்புள்ளியை மையமாகவும் 9 அலகை ஆரமாகவும் கொண்ட ஒரு கோளத்தின் பரப்பில், மூன்று ஆயத்தொலைவுகளுமே முழுக்களாக அமைந்த புள்ளிகள் எவை என்பதைத் தாளும் பேனாவும் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். ஆயத்தொலைவுகளை க, ச, த எனக் குறித்தால், நாம் தீர்க்க வேண்டிய சமன்பாடு க² + ச² + த² = 81 ஆகும். −9 முதல் 9 வரையுள்ள எல்லா எண்களையும் மூன்று இடங்களிலும் இட்டுப் பார்ப்பதென்றால் 6,859 சேர்க்கைகளைச் சோதிக்க நேரிடும்; அது வீண் உழைப்பு.

முதல் படியாக, குறிகளையும் வரிசையையும் ஒதுக்கிவைத்து, க ≥ ச ≥ த ≥ 0 என்று வைத்துக்கொள்க. மூன்று வர்க்கங்களுள் பெரியது க² என்பதால், அது 81இன் மூன்றில் ஒரு பங்கான 27க்குக் குறைய முடியாது. எனவே க என்பது 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றுதான். முறையின் பலம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு க மதிப்புக்கும் எஞ்சும் தொகையை இரு வர்க்கங்களாகப் பிரிக்க வேண்டும். ச² அந்த எச்சத்தில் பாதிக்குக் குறையாது என்பதை இங்கும் பயன்படுத்துக. க = 8 எனில் எஞ்சுவது 17; ச = 3 என்றால் மீதி 8, அது வர்க்கமன்று; ச = 4 என்றால் மீதி 1, அது பொருந்துகிறது. இவ்வாறே பார்த்தால் (9, 0, 0), (8, 4, 1), (7, 4, 4), (6, 6, 3) என்ற நான்கு அடிப்படைத் தீர்வுகள் மட்டுமே கிடைக்கும்.

இப்போது ஒதுக்கிவைத்த வரிசையையும் குறிகளையும் மீட்க வேண்டும். (8, 4, 1) என்பதை 6 வகையாக வரிசைப்படுத்தலாம், குறிகளை 8 வகையாக இடலாம். ஆகவே 48 புள்ளிகள். (7, 4, 4), (6, 6, 3) ஆகியவற்றில் ஓர் எண் இருமுறை வருவதால் வரிசைகள் மூன்றே. ஒவ்வொன்றும் 24 புள்ளிகள் தரும். (9, 0, 0) தருவது 6, ஏனெனில் சுழியத்துக்குக் குறி மாற்றம் இல்லை. தொடக்கநிலை மாணவர்கள் கணக்கில் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மொத்தம் 102 புள்ளிகள்.

மையம் (2, −1, 5) போன்ற முழுக்களாலான புள்ளியாக இருந்தால், அதை ஒவ்வொரு விடையுடனும் கூட்டினால் போதும்: (8, 4, 1) என்பது (10, 3, 6) ஆகிவிடும்.

ஆரம் முழு எண்ணாக இல்லாமல் அதன் வர்க்கம் மட்டும் முழு எண்ணாக இருக்கும் கோளங்களில், புள்ளியே இல்லாமலும் போகலாம். எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. மேலும், மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4ஆல் வகுபடுமானால் மூன்று எண்களும் இரட்டைப்படையாகவே இருந்தாக வேண்டும். ஆகவே அனைத்தையும் பாதியாக்கிச் சிறிய கோளத்துக்கு இறங்கலாம். இவ்விரு தடைகளைத் தவிர வேறு தடையே இல்லை என்பதுதான் வியப்புக்குரிய, நிறுவுவதற்குக் கடினமான பகுதி. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தரின் பெயரால் வழங்கும் அத்தேற்றத்துக்கான நிறுவலை ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் 1801இல் வெளியிட்டார். எனவே ஆரத்தின் வர்க்கம் 60 என்று தரப்பட்டால், 4ஆல் வகுத்து 15 பெற்று, அதை 8ஆல் வகுக்க மீதி 7 வருவதைக் கண்டதுமே, தேடலைத் தொடங்காமல் ‘புள்ளி எதுவும் இல்லை’ என்று விடை எழுதிவிடலாம்.